மலை இறக்கத்துக்கு நாலு டயர்

என் மனைவியை ஊரில் எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொண்டதில்லை. வழியில் நின்றுபோன வண்டி, கைமாறிய டிராக்டர், பழுதுபார்க்கப் போகும் படகு என்று எதுவானாலும் டிரெய்லரில் ஏற்றி, டிரெய்லரைத் தன் பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி, சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்ப்பது அவள் தொழில். என்னையும் அப்படித்தான் பிடித்தாள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாங்கிய பழைய கார், பாலத்தின் நடுவில் நின்றுபோனது. வந்தவள் கயிற்றைக் கட்டிவிட்டு, "ஸ்டியரிங்கை மட்டும் புடிச்சிக்கிட்டு உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஏற்பாடுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. துக்கம் கேட்க வருகிறவர்கள் அவளுடைய தைரியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பொம்பளையாப் பொறந்து அவ்வளவு பெரிய வண்டியை என்று ஆரம்பிக்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். ஆனால் அவள் பயந்துபோயிருந்த ஒரு மாதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த மாதத்தில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், நாலு டயர் வாங்கினாள். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கடலோரம். ஊருக்குப் பின்னால் மலை. மலைமேல் ஒரு கல்குவாரி, நாலைந்து தோட்டங்கள், கொஞ்சம் வீடுகள். மேலேயும் கீழேயும் போக ஒரே சாலை. பாறையை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும். அந்தச் சாலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு போவாள் என்பார்கள். ஒருநாள் மேலிருந்து டிராக்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, நீண்ட நேர் இறக்கத்தில் ஒரு பஸ் அவளை முந்திப் போயிருக்கிறது. பஸ் கிழித்துப்போன காற்றில் டிரெய்லரின் வால் ஒரு பக்கம் ஒதுங்கியது. திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மறுபக்கம் போனது. ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாக, பிக்கப்பையே சேர்த்துப் பிடித்து ஆட்டியது.

அவள் பதறி பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் டிராக்டரும் டிரெய்லரும் அவளை மடித்துப் பள்ளத்தில் தள்ளியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. அதை மெல்ல அழுத்தி, பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து ஆட்டத்தை அடக்கியிருக்கிறாள். டிராக்டரைக் கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து டிரெய்லரைக் கழற்றி வேலியோரம் தள்ளினாள். பிறகு அதன் பக்கமே போகவில்லை. வந்த அழைப்புக்கெல்லாம் "வண்டி ரிப்பேரு" என்று பதில் சொன்னாள். சாப்பிடும்போது கரண்டியைப் பிடித்த கை லேசாக நடுங்கியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

வண்டி ரிப்பேர் என்ற பேச்சு பரவி, அவளுடைய பிக்கப்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த பழமண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். "விக்கிறதா இருந்தா வெளிய விட்டுடாதம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

அவர் போனபிறகு அவள் வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அந்த இறக்கத்துல லோடோட இன்னொரு தடவை இறங்கணுங்க. இறங்கிட்டேன்னா தொழில் என்னுது. என்னால முடியலன்னா வண்டி அவருக்கு. இடையில நின்னு இழுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னை வெளியே கூப்பிட்டாள். பிக்கப்பின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னாள். தான் சக்கரத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆட்டுங்க. இன்னும் நல்லா. காலைல என்ன சாப்டீங்க?"

"இன்னும் சாப்பிடவே இல்ல."

"அதான். சரி, ஆட்டுங்க."

நான் தள்ளத் தள்ள வண்டி அசைந்தது. ரிம் ஒரு பக்கம் போக, டயரின் அடிப்பாகம் தரையிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் குழைந்து குழைந்து நெளிந்தது. அவள் என்னையும் உட்காரவைத்துவிட்டு, தான் ஆட்டிக் காட்டினாள். அந்தப் பக்கவாட்டுப் பகுதியை அவள் இடுப்பு என்பாள்.

"பாத்தீங்களா? இடுப்பே இல்ல."

"பட்டன் இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்று தரையில் படும் பகுதியைத் தடவிப் பார்த்தேன். பாதிகூடத் தேயவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் நானும் ஏமாந்தேன்."

அந்த டயர்களை வாங்கியது எதற்காக என்று இருவருக்கும் தெரியும். என் அம்மாவுக்கு எலும்பில் நோய் வந்து, வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வந்த காலம் அது. பிக்கப்பின் முரட்டு டயர்கள் ஒவ்வொரு குழியையும் அம்மாவின் முதுகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அம்மா வாய்திறந்து சொல்லமாட்டாள், கதவுப் பிடியை இறுக்கிக்கொள்வாள். அதைப் பார்த்துவிட்டு இவள் ஒரே நாளில் நாலையும் கழற்றி, குடும்பக் கார்களுக்குப் போடுகிற மெத்தென்ற டயர்களை மாட்டிவிட்டாள். "அத்தை, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கேட்டு ஓட்டினாள். "மேகத்துல போற மாதிரி இருக்குடி" என்று அம்மா சொன்னதை என்னிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அம்மா போனபிறகு அந்த டயர்களை மாற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தேயாத டயரை யார் கழற்றுவார்கள்? அதன்மேல் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாள். மண் சாலையும் சமவெளியும் மன்னித்தன. இறக்கம் மன்னிக்கவில்லை.

"எங்க அத்தைக்குப் போட்ட டயர்லயே டிராக்டரை ஏத்தியிருக்கேன், பாருங்க என் புத்தியை" என்று எழுந்து கையைத் தட்டிவிட்டாள். பயந்தவளின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு தெரிந்தது. எதிரியின் விலாசம் கிடைத்துவிட்ட மாதிரி.

அதே வாரத்தில் மலைமேல் இருக்கிற தச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. கடல் எட்டாத மலையுச்சியில், தன் பட்டறையில், வருடக்கணக்காக ஒரு மரப்படகைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஊரே சிரித்தது. அவருடைய மனைவி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். இப்போது படகு முடிந்துவிட்டது. மாதத்தில் கடல் நன்றாக ஏறுகிற நாளில்தான் துறையின் சரிவில் அந்த அளவு படகை இறக்கமுடியும். அந்த நாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

"வேற யாரும் வேணாம்மா. நீதான் எடுத்துட்டுப் போகணும்" என்றார் தச்சர்.

"எடுத்துட்டுப் போறேன் அய்யா. ஆனா நான் ரெடின்னு சொல்ற அன்னிக்குத்தான். அவசரப்படுத்தக் கூடாது."

டயர்க்கடைக்காரர் அவளைத் தங்கச்சி என்பார், அந்த முறையில் என்னை மாப்பிள்ளை என்பார். கடை முழுக்கத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். நாங்கள் இறங்கியதுமே, முன்னால் காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒரு ராட்சத டயரைத் தட்டினார். முதலை முதுகு மாதிரி பட்டன் பட்டனாக இருந்தது.

"தங்கச்சி, உனக்குன்னே வரவழைச்சது. இதைப் போட்டுக்கிட்டு நீ தெருவுல வந்தா எதிர்ல வர்றவன் ஓரமா ஒதுங்கி வணக்கம் வெப்பான்."

"எனக்கு யாரும் வணக்கம் வெக்க வேணாம்ண்ணே. இது சேத்துக்கு ஆகும். நான் போறது தார் ரோடு. ஒவ்வொரு பட்டனும் தனித்தனியா நெளியும். கீழ ஒரு நெளிவு, இடுப்புல ஒரு நெளிவு, பின்னால லோடு."

"மாப்ளே, நீங்க சொல்லுங்க, பாக்க எப்படி இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அவரைக் கேக்காதீங்க. அவருக்கு எல்லாமே பாக்க நல்லாத்தான் இருக்கும். என்னையே கட்டிக்கிட்டாரு."

கடையில் வேலை செய்தவர்கள் ஜாக்கியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் பொறித்திருந்த எண்களைக் குனிந்து படித்துக்கொண்டே போனாள். ஒரு டயர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. கடைக்காரர் பிக்கப்பின் எடையைச் சொல்லி, அதற்குப் பொருத்தமான ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"அது வண்டி சும்மா நிக்கிறப்போ இருக்கிற எடை" என்றாள் அவள். "கொக்கியில லோடு உக்காந்தா பின்சக்கரம் ரெண்டும் எவ்வளவு சுமக்குதுன்னு தெரியணும். அது தெரியாம டயர் வாங்கினா போன தடவை மாதிரிதான். தெரிஞ்சிக்கிட்டு வர்றேன்."

"படகைத் தூக்கித் தராசுலயா வெப்பே?"

"ஆமா."

மறுநாள் மலைக்குப் போனோம். டிரெய்லர் இல்லாமல் ஏறினோம், தச்சரிடம் அவர் மருமகனுடைய படகு டிரெய்லர் இருந்தது. படகு ஏற்கெனவே அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, கல்யாணப் பெண் மாதிரி. பட்டறையிலிருந்து குவாரியின் எடைமேடைவரை சமமான சாலைதான். பழைய டயரிலேயே நடை வேகத்தில் இழுத்துப்போனாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போயிருந்தன. நான் வெளியே பார்ப்பதுபோல இருந்தேன்.

எடைமேடையில் இருந்த பெண், வண்டி மொத்தத்தையும் மேடையில் ஏற்றச் சொன்னாள். இவள் மறுத்தாள். டிரெய்லர் மேடைக்கு வெளியே நிற்கவேண்டும், பிக்கப்பின் பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கவேண்டும், கொக்கி மாட்டியபடியே. பின்னால் கல் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன.

"ஏம்மா, கல்லு லோடுக்கு நாங்க இவ்வளவு பாக்கிறதில்ல" என்று ஒரு லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"அதனாலதான் நான் உங்க பின்னாடி வர்றதில்லண்ணே" என்றாள்.

எண் வந்ததும் அவள் முகம் மாறியது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். தச்சரைப் பார்த்தாள். "அய்யா, படகு இறகு மாதிரின்னு சொன்னீங்க. மூக்குல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

அவள் ஏறிப் படகின் முன்பகுதி அறைக்குள் தலையை விட்டாள். நங்கூரம், அதன் சங்கிலி, தண்ணீர் நிரப்பிய டிரம், ஆணிப் பெட்டிகள். கடைசியாக ஒரு இரும்புத் தையல் மெஷின்.

தச்சரின் மனைவி இடுப்பில் கைவைத்தார். "என் மெஷினைத் திருடன் கொண்டுபோயிட்டான்னு நான் அழுதுக்கிட்டு இருந்தேன்! திருடன் எனக்கே சமாதானம் வேற சொன்னான்!"

"நடுக்கடல்ல படகுப் பாய் கிழிஞ்சா தைக்கணும்ல?" என்றார் தச்சர், முணுமுணுப்பாக.

"கல்யாணம் ஆனதிலேருந்து சமையக்கட்டுக்கு ஒரு கதவு போடுங்கன்னு கேக்குறேன். படகுக்கு ரெண்டு கதவு போட்டிருக்காரு. பாத்துக்கோம்மா."

எல்லாவற்றையும் இறக்கினோம். மறுபடி எடை பார்த்தாள். மூக்கில் கொஞ்சம் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் வால் ஆடும் என்று சங்கிலியை மட்டும் திரும்ப ஏற்றினாள். மறுபடி எடை. லாரிக்காரர்கள் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கையோடுதான் டயர்க்கடைக்குப் போனாள். கடைக்காரர் கையைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். உள்ளே போய்ப் பின்சுவரோரம் கிடந்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நேர்க்கோடாக நாலு பள்ளம், வேறு எந்த அலங்காரமும் இல்லை. "இது ஒண்ணுதான் அந்த எடையைத் தாங்கும். பால் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் போடுறது. ஆனா அழகுன்னு சொல்ல முடியாது."

அவள் அதைப் பக்கவாட்டில் முழங்காலால் அழுத்தினாள். அது அசைந்துகொடுக்கவில்லை. "இதான்" என்றாள்.

இரண்டுதான் இருந்தன. பின்னால் மட்டும் மாற்றிக்கொள், முன்னால் பழையதே ஓடட்டும் என்றார் கடைக்காரர். பாரம் பின்னால்தானே என்று எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "முன்னாடி மெத்து, பின்னாடி கட்டைன்னா திருப்பத்துல ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு கேக்காது. நாலும் வேணும்."

மற்ற இரண்டும் வர ஐந்தாறு நாள் ஆயிற்று. வந்ததும் அவள் முதலில் பார்த்தது, டயர் பிறந்த வாரமும் வருடமும் பொறித்திருக்கும் சின்னக் கட்டத்தை. இரண்டில் ஒன்றின் எதிரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, இது எங்க கல்யாணத்துக்கு முந்தி பொறந்திருக்கு."

"ஓடாத டயர் தங்கச்சி! நிழல்லயே இருந்தது!"

"இவரும்தான் ஆபீஸ்ல நிழல்லயே இருக்காரு. முடி கொட்டாம இருக்கா?"

கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, வாதத்தை விட்டுவிட்டார். அந்த ஒரு டயருக்காக இன்னும் சில நாள் காத்திருந்தோம். தச்சர் தினமும் போன் செய்தார். கடல் ஏறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் "ரெடின்னா சொல்றேன் அய்யா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாட்டும்போதும் விடவில்லை. புது டயருக்குக் காற்று அதிகம் வேண்டும், பழைய ரப்பர் வால்வு அதைத் தாங்காது, உலோக வால்வு போடுங்கள் என்றாள். ஏற்கெனவே ஒரு சக்கரத்தை முடித்துவிட்டிருந்த கடைக்காரர் அதைத் திரும்பக் கழற்றினார். "மாப்ளே, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார். "வீட்டுல வால்வு இல்ல, அதனால பரவாயில்ல" என்றேன்.

நாலும் மாட்டியாயிற்று, இனி படகை எடுக்கவேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அவள் இல்லை என்றாள். புது டயரை உடனே பாரத்தில் பூட்டக்கூடாது. வார்க்கிற அச்சிலிருந்து சுலபமாகக் கழன்றுவர அதன்மேல் ஒரு வழவழப்புப் பூசியிருப்பார்கள், அது தேயவேண்டும். உள்ளே இருக்கிற கம்பியும் ரப்பரும் ஒன்றுக்கொன்று பழகவேண்டும். எண்ணூறு கிலோமீட்டராவது வெறும் வண்டியாக ஓடவேண்டும். கடல் ஏறும் நாளுக்கு ஐந்தே நாள் இருந்தது.

"எங்கே போவே?" என்று கேட்டேன்.

"எங்கயாவது. லீவு போடுங்க."

அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். டயரைப் பழக்க வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, குடும்ப வேலை என்றேன்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் எங்கேயும் போனதில்லை. அவள் வண்டி எடுத்தால் பின்னால் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும், சேரவேண்டிய இடமும் நேரமும் இருக்கும். அந்த நாட்களில் பின்னால் ஒன்றும் இல்லை. கடற்கரை ஓரமாக வடக்கே போனோம், அலுத்துப்போனதும் திரும்பி உள்நாட்டுப் பக்கம் போனோம். சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போய், மர நிழல் கிடைத்த இடத்தில் சாப்பிட்டோம். புது டயர் இரைச்சலாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்தது. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தட்டியது. அவளுக்கு அது பாட்டுக் கேட்பதுபோல் இருந்தது. "கேட்டீங்களா, ரோடு என்ன சொல்லுதுன்னு இப்பத்தான் தெரியுது" என்பாள். நான் என் பங்குக்கு, இந்தச் சாலைக்கு அடியில் பெரிய குழாய் போகிறது, அந்தப் பாலத்துக்குக் கீழே வால்வு அறை இருக்கிறது என்று காட்டிக்கொண்டு வந்தேன்.

"அங்க பாருங்க, மேல கொக்குக் கூட்டம் போகுது" என்றாள்.

"எங்க?"

"போச்சு. நீங்க பூமிக்குள்ளயே பாத்துக்கிட்டு வாங்க."

மூன்றாம் நாள், ஒன்றும் சொல்லாமல் வண்டியை மலைப் பக்கம் திருப்பினாள். மேலே போய்த் திரும்பி, வெறும் வண்டியோடு அந்த நேர் இறக்கத்தில் இறங்கினாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தினாள்.

"டயர் நல்லா இருக்கு. எனக்குத்தான் இன்னும் பயம் போகல."

வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"பயப்படாத ஆளுகிட்ட அந்தப் படகைக் குடுத்தா அவன் வேகமாப் போவான். நான் மெதுவாப் போவேன். மெதுவாத்தான் போகணும்." வண்டியைத் திருப்பினாள். "இன்னொரு தடவை."

அன்று நாலு முறை ஏறி இறங்கினோம். நாலாம் முறை அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். என்னவென்று கேட்டேன். வளைவுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஒன்றுக்கு என் மூத்த அக்காவின் பெயர். "எதிர்பாக்காதப்போ சடார்னு திரும்புவாங்க" என்றாள்.

கடல் ஏறும் நாள் காலையில் தச்சரின் வாசலில் இருந்தோம். படகு பூட்டியாயிற்று. புறப்படுவதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு டயரின் குறுக்கேயும் தடிமனாகக் கோடு இழுத்தாள். குவாரிவரை சமதரையில் போய் நின்று, இறங்கிப் பார்த்தாள். முன் டயர்களில் கோடு சீராக அழிந்திருந்தது. பின் டயர்களில் இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் வெள்ளை நின்றது. காற்று போதவில்லை என்று அர்த்தம். குவாரியில் கேட்டுக் காற்று ஏற்றினாள். மறுபடி கோடு, மறுபடி ஒரு சுற்று. தச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"அம்மாடி, கடல் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"இந்த வெள்ளைக் கோடும் நமக்காகப் பொய் சொல்லாது அய்யா. இதோ ஆச்சு."

மூன்றாம் தடவை கோடு அகலம் முழுக்க ஒரே மாதிரி அழிந்தது. ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். தச்சரும் மனைவியும் தங்கள் சின்னக் காரில் பின்னால் வந்தார்கள்.

முதல் வளைவுகளைச் சின்ன கியரில், இன்ஜின் முனகலிலேயே இறங்கினாள். பின்னால் பார்க்கிற கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு படகு தொடர்ந்தது. நேர் இறக்கம் வந்தது. பாதி தூரத்தில் பின்னாலிருந்து பஸ் ஹாரன் கேட்டது.

நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு கையை மட்டும் எடுத்து டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை. பஸ் எங்களை ஒட்டி, ஜன்னல் ஜன்னலாகக் கடந்தது. அதன் வால் எங்கள் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று அறைந்தது. படகு ஒரு பக்கம் இழுத்தது. அந்த இழுப்பு பின்சக்கரங்கள்வரை வந்ததை நான் இருக்கையில் உணர்ந்தேன். அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது ஆட்டம் வரவில்லை. வண்டி கோடு போட்டதுபோல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்தாள். கொஞ்ச தூரம் போனபின்தான் மூச்சு விட்டாள். சத்தமாகவே கேட்டது.

"உங்கக்கா அடுத்து வர்றாங்க, புடிச்சிக்கோங்க" என்றாள்.

துறையில் கடல் இன்னும் ஏறிய மட்டத்தில்தான் இருந்தது. அவள் டிரெய்லரைப் பின்னோக்கிச் சரிவில் இறக்க, படகு தானாகத் தண்ணீரில் எழும்பி மிதந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தச்சர் சின்னப் பையன் மாதிரி அழுதார். அவருடைய மனைவி, "ஒழுகாம மிதக்குதே!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொக்கி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வண்டியை மேட்டுக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவந்து, புறங்கையை டயரின் இடுப்பில் வைத்துவைத்துப் பார்த்தாள். நாலும் ஒரே சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். கடைசிச் சக்கரத்தில் கையை வைத்தபடி கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் இருந்ததா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. அவள் இந்தமுறை கையை மறைக்கவில்லை.

"பழமண்டிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள். "வண்டி விக்கிறதுக்கு இல்ல. ஆனா அவரு தோட்டத்துல சக்கரம் உடைஞ்சு ஒரு டிரெய்லர் ரொம்ப நாளாக் கிடக்குதே, அதை எடுக்கணும்னா நாளைக்கே வர்றேன்னு சொல்லுங்க."

நான் போனை எடுத்தேன். அவள் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, வெறும் டிரெய்லரின் கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.